யார் வீட்டுப் பிள்ளை இந்தப் போப்பாண்டவர்?

2025 மே 8 மாலை ரோமாபுரியில் வெள்ளைப் புகை எழுந்தது. 133 கர்தினால்கள் நான்காவது சுற்று வாக்கெடுப்பிலேயே முடிவுக்கு வந்துவிட்டார்கள். ராபர்ட் பிரான்சிஸ் பிரிவோஸ்ட் என்ற பெயர் அறிவிக்கப்பட்டது. பதினான்காம் லியோ என்று பெயர் சூட்டிக்கொண்டு அவர் மாடத்தில் வந்து நின்றார். அந்த நிமிஷத்திலிருந்து உலகெங்கும் உள்ள கிறித்தவர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மொழிதான் வேறு வேறு. 'இவர் நம்ம ஆளா?'

சிக்காகோக்காரர்கள் எங்க ஊர்ப் பிள்ளை என்றார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த முதல் போப் இவர். பெரு நாட்டுக்காரர்கள் எங்க குடிமகன் என்றார்கள். 2015இல் அவர் பெரு குடியுரிமை பெற்றவர். அகஸ்தினார் சபைக்காரர்கள் எங்க துறவி என்றார்கள். பழமைவாதக் கத்தோலிக்கர்கள் அவர் தோளைப் பார்த்தார்கள். பிரான்சிஸ் ஒதுக்கி வைத்த சிவப்புத் தோளாடையை இவர் அணிந்திருந்தார். அது போதும், நம்ம ஆள்தான் என்றார்கள். முற்போக்காளர்கள் அவர் வாயைப் பார்த்தார்கள். சமாதானம், பாலம் கட்டுதல், துன்பப்படுவோரோடு நடக்கும் திருச்சபை என்று பேசினார். அது போதும், பிரான்சிஸின் வழிதான் என்று இவர்களும் சொல்லிக்கொண்டார்கள். ஒரே மனிதர். துணியில் ஒரு கட்சி, சொல்லில் ஒரு கட்சி.

டிரம்பின் பின்னால் நிற்கும் வலதுசாரிக் கத்தோலிக்கர்கள் ஏமாந்தார்கள். தங்களுக்கு இதைவிட மோசமான தேர்வு இல்லை என்ற பொருளில் ஸ்டீவ் பானன் பேசினார். காரணம் இருந்தது. முதலில் குடும்பம், பிறகு அண்டை வீட்டான், பிறகு நாடு, மிச்சமிருந்தால் மற்றவர்கள் என்று அன்புக்கு வரிசை வைத்து, குடியேறிகளை விரட்டுவதற்கு வேதாந்தம் சொன்னார் துணை ஜனாதிபதி வான்ஸ். அது தவறு, இயேசு அன்பைத் தரம்பிரிக்கச் சொல்லவில்லை என்ற கட்டுரையை 2025 பிப்ரவரியில் பிரிவோஸ்ட் தம் சமூக ஊடகக் கணக்கில் பகிர்ந்திருந்தார். அன்புக்கே ஏணிப்படி கட்டும் வேலை நமக்கொன்றும் புதிதல்ல. நம் ஊரில் அதற்கு மனு என்று பெயர்.

மற்ற சபைகள் என்ன சொல்லின? உலகத் திருச்சபைகள் மன்றம் வாழ்த்தியது. கான்ஸ்டான்டிநோபிளின் மறைமுதல்வர் பர்த்தலோமேயு மே 18 பணியேற்பு விழாவுக்கே வந்தார். நிசேயா பொதுச்சங்கத்தின் 1700ஆம் ஆண்டை ஒட்டி இருவரும் நவம்பரில் துருக்கியில் சேர்ந்து ஜெபித்தார்கள். அக்டோபரில் இங்கிலாந்து மன்னர் சார்லஸ் சிஸ்டைன் சிற்றாலயத்தில் போப்போடு ஜெபத்தில் நின்றார். பெந்தெகொஸ்தே சபைகளின் ஒரு பகுதியினருக்கு மட்டும் ரோமில் யார் வந்தாலும் வெளிப்படுத்தின விசேஷத்து மிருகம்தான். அவர்களுக்குத் தேர்தலே தேவையில்லை.

தேர்வு நடந்துகொண்டிருந்தபோது பெண்களுக்குக் குருத்துவம் கேட்பவர்கள் இளஞ்சிவப்புப் புகை விட்டார்கள். ஓட்டுப் போட்ட 133 பேரில் ஒரு பெண்கூட இல்லை. குருக்களால் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களின் அமெரிக்க அமைப்பான ஸ்னாப், சிக்காகோவிலும் பெருவின் சிக்லாயோவிலும் புகார்களை அவர் கையாண்ட விதம் பற்றிக் கேள்வி எழுப்பியது. திருச்சபைத் தரப்பு தவறு எதுவும் நடக்கவில்லை என்று மறுத்தது. மணியோசையில் அமுங்கிப்போன குரல்கள் இவை. நம் பத்திரிகை இவற்றையும் பதிவு செய்கிறது.

'போப் யாரானா நமக்கென்ன தோழர், மதமே அபின்தானே?' என்று சிலர் கேட்கக்கூடும். உலகில் சுமார் 140 கோடிப் பேர் அந்த மனிதரின் சொல்லுக்குக் காது கொடுக்கிறார்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, நிலம் என்று பரந்து கிடக்கும் ஒரு அதிகார அமைப்பு அது. அதற்குள் நம் சனங்கள் இருக்கிறார்கள். சேரியிலிருந்து போனவர்கள், சேரியோடேயே போனவர்கள். எனவே 'நம்ம ஆளா' என்ற கேள்வியைச் சின்னத்தனம் என்று நான் ஒதுக்கத் தயாரில்லை. ஒடுக்கியவர்கள் கேட்கும்போது அது சாதித் திமிர். ஒடுக்கப்பட்டவர்கள் கேட்கும்போது அது ஒரு கணக்குக் கேட்பு. இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

*

எல்லா எதிர்வினைகளிலும் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அமெரிக்கக் கறுப்பினக் கத்தோலிக்கர்களுடையது. தேர்தல் முடிந்த சில மணி நேரத்துக்குள் நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த வம்சாவளி ஆய்வாளர் ஜாரி ஹோனோரா பழைய பதிவேடுகளைப் புரட்டினார். போப்பின் தாயைப் பெற்றவர்கள், ஜோசப் மார்ட்டினெஸும் லூயிஸ் பாகியேயும், அந்த நகரத்தின் ஏழாவது வட்டாரத்தில் வாழ்ந்தவர்கள். அது கிரியோல் மக்களின் பகுதி. ஆப்பிரிக்க, பிரெஞ்சு, ஸ்பானிய, கரீபிய ரத்தங்கள் கலந்த, கத்தோலிக்கத்தை விடாத மக்கள். 1900ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கில் அந்தத் தாத்தா கறுப்பர். பிறகு குடும்பம் வடக்கே சிக்காகோவுக்குப் போகிறது. 1912இல் அங்கே போப்பின் தாய் மில்ட்ரெட் பிறக்கிறார். 1920ஆம் ஆண்டின் கணக்கில் அதே குடும்பம் வெள்ளையர்.

இருபது வருஷம். ஒரு ரயில் பயணம். கணக்கெடுப்பவனின் ஒரு பேனாக் கீறல். தோல் மாறவில்லை, பதிவேடு மாறியது.

செய்தி வந்ததும் கறுப்பினக் கத்தோலிக்கர்கள் கொண்டாடினார்கள். நியூ ஆர்லியன்ஸில் அது குடும்ப விசேஷம் மாதிரி ஆனது. போப்பின் அண்ணன் ஜானிடம் பத்திரிகைக்காரர்கள் கேட்டார்கள். குடும்பத்தில் அதைப் பற்றிப் பேசியதில்லை, அது ஒரு பிரச்சினையாகவே இருந்ததில்லை என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. உண்மையாகவே அவருக்கு அது பிரச்சினையாக இருந்திருக்காது. எப்படி இல்லாமல் போனது என்பதுதான் கேள்வி. தாத்தாவும் பாட்டியும் ஊரை விட்டு, சொந்தத்தை விட்டு, நிறத்தின் பெயரை விட்டு வந்ததால் இல்லாமல் போனது. பேரனுக்குப் பிரச்சினை இல்லை என்று ஆவதற்காகத் தாத்தா ஒரு வாழ்க்கையையே மறைத்து வைக்க வேண்டியிருந்தது. 'எங்க வீட்ல சாதியெல்லாம் பேசறதே இல்லைங்க' என்று நகரத்துக் குடியிருப்பில் சொல்லும் நம் படித்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். பேசாமல் இருப்பதற்குப் பின்னால் எத்தனை பயம் அடைந்து கிடக்கிறது என்பதும் தெரியும்.

நான் வங்கியில் குமாஸ்தா. கவுன்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பெயர்களைப் படிப்பது என் பிழைப்பு. கடன் விண்ணப்பத்தில் ஒரு பெயர், வீட்டில் கூப்பிடுவது ஒரு பெயர். 'வீட்ல அந்தோணிங்க, சர்டிபிகேட்ல முனுசாமி. புள்ளைங்க படிக்கணும்ல சார்?' என்று குரலைத் தாழ்த்திச் சொல்லும் மனிதருக்கு ஐம்பது வயசு இருக்கும். 1950ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணையின் மூன்றாம் பத்தி அவரைப் பொய் சொல்ல வைக்கிறது. இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறித்தவருக்கும் முஸ்லிமுக்கும் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் ஞானஸ்நானம் பெற்ற தலித் காகிதத்தில் பிற்படுத்தப்பட்டவர். தெருவில் பறையர், பள்ளர், சக்கிலியர். தெருவில் ஒன்று, பதிவேட்டில் ஒன்று. ஏழாவது வட்டாரத்துக் குடும்பத்தின் கதை எனக்கு ஏன் அந்நியமாகத் தெரியவில்லை என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஆனால் ஒரு வித்தியாசத்தை மறக்கக் கூடாது. வெள்ளையர் என்று எழுதிக்கொண்டதும் அந்தக் குடும்பத்துக்கு ஒரு கதவு திறந்தது. நம்மவர் கோவிலை மாற்றினாலும் பெயரை மாற்றினாலும் ஊர் நம்மைக் கண்டுபிடித்துவிடுகிறது. நிறத்தைவிட ஆழமாகப் பதிந்த அடையாளம் தெருப் பெயர்.

இன்னொன்றும் வெளியே வந்தது. அறிஞர் ஹென்றி லூயிஸ் கேட்ஸ் மேலும் தோண்டியதில், போப்பின் முன்னோர்களில் அடிமைகளும் இருந்தார்கள், அடிமைகளை வைத்திருந்தவர்களும் இருந்தார்கள் என்று தெரிந்தது. 2025 ஜூலையில் அந்த வம்சாவளியை அவர் போப்பின் கையிலேயே கொடுத்தார். ரத்தத்தில் நியாயம் ஓடுவதில்லை. நம்ம ரத்தம் என்பதாலேயே ஒருவர் நம்ம பக்கம் நிற்பார் என்று நம்பினால் ஏமாறுவோம்.

அப்படியானால் அந்த மக்களின் மகிழ்ச்சி வீண்தானா? இல்லை. அமெரிக்கக் கத்தோலிக்க வரலாற்றை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். 1838இல் மேரிலாந்து யேசு சபையினர் 272 அடிமைகளை விற்றார்கள். அந்தப் பணத்தில் ஒரு பங்கு ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனை அடைக்கப் போயிற்று. அடிமையாகப் பிறந்த அகஸ்டஸ் டோல்டன் குருவாக விரும்பியபோது அமெரிக்காவில் ஒரு குருமடமும் சேர்த்துக்கொள்ளவில்லை. ரோமுக்குப் போய்ப் படித்து 1886இல் பட்டம் பெற்றார். பிறகு சிக்காகோவில் கறுப்பின மக்களுக்காக ஒரு பங்கை எழுப்பி, 1897இல் அங்கேயே செத்துப்போனார். அதற்குப் பிறகு அதே சிக்காகோவுக்குத்தான் மார்ட்டினெஸ் குடும்பம் போய்ச் சேர்ந்து வெள்ளையராயிற்று. அமெரிக்காவின் முதல் கறுப்பினக் கர்தினாலான வில்டன் கிரிகோரி நியமிக்கப்பட்டது 2020இல்தான். இத்தனையையும் சுமந்த மக்கள், அழிக்கப்பட்ட ஒரு வரியைப் பதிவேட்டிலிருந்து மீட்டெடுத்து, 'இதோ பார், நாங்கள் இங்கேயும் இருந்தோம்' என்கிறார்கள். அவர்கள் போப்பைக் கொண்டாடினார்கள் என்பதைவிடத் தங்கள் தாத்தா பாட்டிகளைக் கொண்டாடினார்கள் என்பதே சரி.

*

பெருவின் வடக்கில் சிக்லாயோ என்ற நகரத்தின் உரிமை கோரல் வேறு மாதிரி. அங்கே யாரும் ரத்தத்தைப் பேசவில்லை. மாடத்தில் நின்ற போப் இத்தாலிய மொழியை நிறுத்திவிட்டு ஸ்பானிய மொழியில் அந்த மறைமாவட்டத்துக்கு வணக்கம் சொன்னார். சிக்லாயோவின் சனங்கள் அவரைப் பற்றிச் சொன்னதெல்லாம் வேலையைப் பற்றி. வெள்ளம் வந்தபோது ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். கொரோனாவில் மூச்சுத் திணறியபோது ஆக்சிஜன் ஆலைக்குப் பணம் திரட்டினார். வெனிசுவேலாவிலிருந்து வந்த அகதிகளைப் பார்த்தார். 'கூட நின்னாரு' என்பதுதான் அவர்களுடைய சாட்சியம். ஏழைகளை இரக்கத்துக்குரியவர்களாக அல்லாமல் வரலாற்றை நடத்துகிறவர்களாகப் பார்க்கச் சொன்ன விடுதலை இறையியலின் மூலவர் குஸ்தாவோ குத்தியெரஸ் அந்த நாட்டுக்காரர்தான். 2024 அக்டோபரில் அவர் காலமானார். நம் தலித் இறையியலாளர்கள் அவரிடம் கற்றார்கள், அவரோடு சண்டையும் போட்டார்கள். அவருடைய ஏழைக்கு வர்க்கம் இருந்தது, சாதி இல்லை.

ஒரு குருவின் மீது புகார் சொன்ன பெண்களும் அதே சிக்லாயோவில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த ஆயர் போதுமான அளவு கூட நிற்கவில்லை என்ற குறை உண்டு. கூட நின்றார் என்ற சாட்சியம் உண்மையானால், நிற்கவில்லை என்ற சாட்சியத்தையும் கேட்டாக வேண்டும். பூட்ஸ் படத்தைக் காட்டி அவர்கள் வாயை அடைக்க முடியாது.

*

லியோ என்ற பெயருக்கும் எதிர்வினைகள் வந்தன. 1891இல் 'ரேரும் நோவாரும்' என்ற சுற்றுமடல் மூலம் தொழிலாளியின் கூலியையும் சங்கம் சேரும் உரிமையையும் பேசியவர் பதின்மூன்றாம் லியோ. செயற்கை அறிவு இயந்திரங்கள் வேலையைப் பறிக்கும் காலத்தில் அந்தப் பெயரைத் தேர்ந்துகொண்டதாகப் புதியவர் கர்தினால்களிடம் சொன்னார். தொழிலாளர் பக்கம் நிற்பவர்களுக்குச் சந்தோஷம். வங்கி ஊழியனான எனக்கும் சந்தோஷம்தான். கவுன்டர்கள் ஒவ்வொன்றாக மூடப்படுவதைப் பார்த்துக்கொண்டிருப்பவன் நான்.

ஆனால் அந்தப் பழைய லியோவின் தேதிகளைச் சற்றே கவனியுங்கள். அடிமை முறையைக் கண்டித்து பிரேசில் ஆயர்களுக்கு அவர் எழுதிய மடலில் உள்ள தேதி 1888 மே 5. பிரேசில் அடிமை முறையை ஒழித்தது அதே மே 13. ஆப்பிரிக்கர்களை அடிமையாக்கப் போர்த்துக்கீசிய மன்னனுக்கு ஐந்தாம் நிக்கோலஸ் உரிமை எழுதிக் கொடுத்தது 1452இல். கொடுத்ததற்கும் கண்டித்ததற்கும் நடுவே நானூறு வருஷத்துக்கு மேல். அடிமைகள் ஓடி, கலகம் செய்து, செத்து, பாதி வழியைக் கடந்த பிறகுதான் கடிதம் வந்து சேர்ந்தது. ரோமிலிருந்து நல்ல சொல் வரும், ஆனால் போராட்டம் முன்னால் போய்ப் பாதை போட்ட பிறகுதான் வரும். இதை வசையாகச் சொல்லவில்லை, வேலைத்திட்டமாகச் சொல்கிறேன்.

*

இனி நம் கதை. இந்தியாவிலிருந்து நான்கு கர்தினால்கள் ஓட்டுப் போட்டார்கள். அவர்களில் ஒருவர் ஹைதராபாத் பேராயர் அந்தோணி பூலா. 2022 ஆகஸ்டில் கர்தினாலான முதல் தலித். ஒரு போப்பைத் தேர்ந்தெடுத்த சீட்டுகளில் ஒன்று தலித் கையால் எழுதப்பட்டது இதுவே முதல் முறை. இது சின்ன விஷயமில்லை. நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டிய விஷயம். தாமதமாக வந்த விஷயம் என்பதையும் சேர்த்தே சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இங்கே கோவில்களில் மணி அடித்தார்கள், நன்றி வழிபாடு நடத்தினார்கள், வாழ்த்துச் செய்தி அனுப்பினார்கள். 'இந்தியக் கிறித்தவர்கள் மகிழ்ச்சி' என்று செய்தி வந்தது. யார் இந்த இந்தியக் கிறித்தவர்? கல்லறைத் தோட்டச் சுவருக்கு எந்தப் பக்கத்துக்காரர்? இந்தக் கேள்வியைத் தவிர்க்கவே 'இந்தியக் கிறித்தவர்' என்ற சொல் அடிக்கடி உதவுகிறது.

ரோமுக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. குடுமிக்கும் பூணூலுக்கும் பதினைந்தாம் கிரிகோரி அனுமதி கொடுத்தது 1623இல். பறையர்களுக்கென்றே தனியாக மிஷனரிகளை ஒதுக்கும் யோசனையை பதினான்காம் பெனடிக்ட் ஏற்றது 1744இல். தனிக் குவளை மாதிரி தனிச் சாமியார். இந்தியாவுக்கு முறைப்படி மறைமாவட்டங்களை அமைத்தவர் பதின்மூன்றாம் லியோ, 1886இல். இரண்டாம் ஜான்பால் 2003 நவம்பரில் தமிழ்நாட்டு ஆயர்களை ரோமில் வைத்துக்கொண்டே சாதிப் பாகுபாட்டைக் கண்டித்தார். அதற்கு நான்கு வருஷத்துக்குச் சற்று மேல் கழித்து, 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தனிப் பங்கு கேட்ட தலித் கிறித்தவர்களின் வீடுகள் தாக்கப்பட்டன. தாக்கியவர்களும் கிறித்தவர்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் செத்தார்கள். கத்தோலிக்கர்களில் பாதிக்கு மேல் தலித்துகள் என்பதையும், உயர் பொறுப்புகளில் அவர்கள் மிகக் குறைவு என்பதையும் இந்திய ஆயர் பேரவையே 2016இல் வெளியிட்ட கொள்கை அறிக்கையில் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொள்வதில் அவர்கள் கெட்டிக்காரர்கள்.

எனவே 'புதிய போப் நமக்கு என்ன செய்வார்?' என்று காத்திருப்பதில் எனக்கு ஆர்வமில்லை. அவரிடம் என்ன கேட்கப் போகிறோம் என்பதைத்தான் பேச வேண்டும். ஆயர்கள் எப்படி நியமிக்கப்படுகிறார்கள் என்று நம் சனங்களில் பலருக்குத் தெரியாது. டெல்லியில் இருக்கும் போப்பின் தூதர் ரகசியமாக விசாரித்து மூன்று பெயர்களை ரோமுக்கு அனுப்புகிறார். இந்தியாவின் லத்தீன் மறைமாவட்டங்களுக்கு அந்தக் காகிதம் நற்செய்தி அறிவிப்புத் துறை வழியாகப் போகிறது. கடைசியில் கையெழுத்துப் போடுவது போப். விசாரிக்கப்படுபவர் யார், என்ன கேட்டார்கள் என்பது வெளியே தெரியாது. சாதி குடியிருப்பதற்கு இதைவிட வசதியான இருட்டு உண்டா? பிரிவோஸ்ட் 2023 முதல் ஆயர்கள் துறையின் தலைவராக இருந்தவர். உலகத்தின் பெரும்பகுதிக்கு ஆயர்களைத் தேர்ந்து அனுப்பிய மேசை அது. இந்த இயந்திரத்தின் ஒவ்வொரு பல்சக்கரமும் அவருக்குத் தெரியும். அகஸ்தினார் சபைத் தலைவராக இருந்தபோது கேரளத்துக்கு வந்து போனவர், இந்த மண் அவருக்கு வெறும் வரைபடம் அல்ல.

கோரிக்கைகளைத் தெளிவாக வைப்போம். ஒன்று, ஆயர் நியமன விசாரணையில் தலித் பொதுநிலையினர், அதிலும் பெண்கள், கேட்கப்பட வேண்டும். இரண்டு, தனிக் கல்லறையும் தனிப் பாதையும் வைத்திருக்கும் பங்குகளில், அது ஒழியும்வரை ஆடம்பரத் திருவிழாவுக்கும் தேருக்கும் ஆயர் அனுமதி தரக் கூடாது. தலித்துகளிடம் திருவிழா வரி வாங்க மறுக்கும் பங்கில் யாரிடமும் வரி வாங்கக் கூடாது. மூன்று, 1950 ஆணையின் மூன்றாம் பத்தியை எதிர்த்து அரசாங்கத்திடம் மனுக் கொடுக்கும் அதே கை, தன் பள்ளி, கல்லூரிகளின் இடங்களிலும் வேலைகளிலும் தலித் கிறித்தவருக்குப் பங்கு எவ்வளவு என்ற கணக்கை வெளியிட வேண்டும். டெல்லியிடம் கேட்பதை முதலில் தன் வீட்டில் கொடு.

தலித் மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. நியூ ஆர்லியன்ஸில் ஒரு ஆய்வாளர் செய்ததை நாமும் செய்யலாம். நம் பங்குகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளையும் கல்லறைப் பதிவேடுகளையும் கேட்டுப் பாருங்கள். எந்த வருஷம் யாரை எந்தச் சாதிப் பெயரில் எழுதினார்கள், எங்கே புதைத்தார்கள், சுவர் எப்போது கட்டினார்கள், யார் பணத்தில் கட்டினார்கள் என்று நகலெடுங்கள். கிழவிகளிடம் கேட்டு எழுதுங்கள். கொடுக்க மறுத்தால் மறுத்தார்கள் என்பதையும் தேதியோடு எழுதுங்கள். அந்தக் கட்டுகளை ஊர் வாரியாக இங்கே அச்சிடுவோம். தமிழ்நாட்டு ஆயர்கள் அடுத்த முறை ரோமுக்குப் போகும்போது, அவர்களுக்கு முன்னால் அது அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.